நாற்பத்தொரு விநாடி

பாட்டின் டெமோ பதிவு உண்மையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

"ரெண்டாவது சரணத்துல மூச்சு கொஞ்சம் கேக்குது மேடம்" என்று ஒரு வாரம் ஓட்டினேன். "மைக்கைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாப்போமா" என்று அடுத்த வாரம். மூன்றாவது வாரம் சாக்கு எதுவும் அகப்படாமல் கம்ப்யூட்டர்மேல் பழியைப் போட்டேன். பாவம், அதற்கு வாயில்லை. நாலாவது வாரம் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை கேட்டார். பிறகு கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதுக்கு மேல தேச்சா பல்லே போயிடும் சார். முடிஞ்சுது. அடுத்து என்ன?"

என்னிடம் போய் அப்படிச் சொன்னால் நான் என்ன மறுத்துப் பேசுவது? நான் பல் செட் செய்கிறவன். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல்லை வரிசையாக நட்டு, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவேன். மாடியில் ஒற்றை அறை. அச்சு டப்பாவில் வரும், பல் டப்பாவில் போகும். போட்டுக்கொள்கிறவர் முகத்தை இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்ததில்லை. நாள் முழுக்க வாய்களோடுதான் இருக்கிறேன். ஒன்றும் பேசாது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் அக்காவிடம் மட்டும் மூன்று இருக்கிறது.

மேடம் என்று நான் சொல்வது, நாலு தெரு தள்ளி இருக்கும் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவரை. பதினொரு வருடமாக எனக்கு அவர் வெறும் குரல். "சார், மேல் செட் ஒண்ணு, ஷேடு ஏ-டூ, புதன்கிழமை வேணும்" என்று போனில் சொல்வார். ஷேடு என்றால் பல்லின் நிறம். டாக்டரின் சீட்டைத் தேட வேண்டியிருந்தால் "லைன்ல இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, தேடி முடிக்கும் வரை மெல்ல ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருப்பார். தான் முனகுவது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். சீட்டு சீக்கிரம் கிடைத்துவிட்டால் எரிச்சலாக வரும். சில நாள், தெரிந்த விஷயத்தையே தெரியாததுபோல் கேட்டுத் தேட விட்டிருக்கிறேன்.

பாட்டுக் கட்டுவது எனக்குச் சின்ன வயதிலிருந்து உள்ள வியாதி. யாருக்கும் தொந்தரவில்லாத வியாதி என்பதால் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. ஆனால் எனக்குக் குரல் கிடையாது. பல் தேய்க்கும் கிரைண்டரை நிறுத்திவிட்டு நான் பாடினால், கிரைண்டர் ஓடட்டும் என்று பக்கத்து அறைக்காரர் சொல்வார். ஆறு மாதத்துக்கு முன் ஒருநாள் எங்கிருந்து தைரியம் வந்ததோ, போனிலேயே கேட்டுவிட்டேன். "மேடம், நான் ஒரு பாட்டு எழுதியிருக்கேன். பாடித் தர்றீங்களா?"

ஏதோ காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஞாயித்துக்கிழமைதான் சார் முடியும்" என்றார்.

வந்தார். நாற்பத்துநாலு வயது, கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு துணிப்பை. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டவர். படுக்கையில் இருக்கும் அப்பா, அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், மூன்று அறை. "வீட்ல பாட முடியாது சார். டிவி கேக்கலன்னு அண்ணி சொல்வாங்க" என்றார் சிரித்துக்கொண்டே. என் அறையில் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டர் மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும். மூட்டைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி, அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை பதிவு செய்வோம். நடுவில் தேநீர். அந்தத் தேநீருக்காகவே புதிதாக இரண்டு கோப்பை வாங்கினேன். அதுவரை என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

பாட்டு பெரிய விஷயமொன்றும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஒருவன் நிற்கிறான். வருகிற பஸ் எதிலும் ஏறுவதில்லை.

வந்த பஸ்ஸு போகட்டும்
அடுத்த பஸ்ஸும் போகட்டும்
நீ பேசி முடிக்கும் வரைக்கும்
நேரம் இங்கே நிக்கட்டும்

இவ்வளவுதான் பல்லவி. ஆனால் பல்லவிக்கு முன்னால், அவர் சீட்டுத் தேடும்போது இழுக்கும் அந்த முனகலை, பாட்டுத் தாளைப் புரட்டும்போது மைக்கில் தானாகப் பதிவானதை, அப்படியே வைத்தேன். சொல் இல்லை, தாளம் இல்லை, வெறும் குரல். நாற்பத்துநாலு விநாடி. கேட்டதும் அவருக்கே ஆச்சரியம்.

"நான் இப்படியா பண்றேன்? பாட்டு எங்க சார் இருக்கு, முக்கால் நிமிஷம் நான் முனகிட்டே இருக்கேன். வெட்டிடுங்க."

"பாக்கலாம் மேடம்" என்றேன். வெட்டவில்லை.

ஆக, அடுத்து என்ன என்று அவர் கேட்டபோது எனக்கு ஏன் பயமாக இருந்தது என்று இப்போது புரிந்திருக்கும். டெமோவுக்கு அடுத்து என்ன என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்து என்ன என்பதுதான் தெரியவில்லை. பாட்டு முடிந்தால் அவர் வருவதற்குக் காரணமில்லை. அதை நினைத்துத்தான் மூன்று வாரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவர் பையை எடுத்துக்கொண்டு, "பதில் வந்தா மொதல்ல எனக்குச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நானும் தலையாட்டினேன்.

டெமோவை என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாட்டெழுதி முன்னுக்கு வந்தவர்கள் இல்லை. சொல்லிக்கொடுத்தே முன்னுக்கு வந்தவர்கள். எல்லாரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். பத்துப் பேருக்கு மேல் அனுப்பாதே. நாலு வரிக்கு மேல் எழுதாதே. பாட்டை அப்படியே அனுப்பாமல் லிங்க் அனுப்பு. யார் எத்தனை விநாடி கேட்டார்கள் என்று அதில் தெரியும். முப்பது விநாடிக்குள் பல்லவி வந்துவிட வேண்டும். டெமோவில் பாட்டு தெரிய வேண்டும், பாடுகிறவர் தெரியக் கூடாது. கடைசி இரண்டையும் இரண்டு தடவை கேட்டேன். கேட்டும் அந்த முனகலில் கை வைக்க மனம் வரவில்லை.

முதலில் பாட்டெழுதுகிறவர்களின் குழுவில் போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள குழு. அத்தனை பேரும் அவரவர் பாட்டைப் போடுவார்கள், அடுத்தவர் பாட்டை ஒருவரும் கேட்கமாட்டார்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. இருநூற்றுப் பன்னிரண்டு காக்கை ஒரே மரத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? பாட்டு நாலரை நிமிஷம். கைதட்டும் படங்கள் இருபதாவது விநாடியிலேயே வந்துவிட்டன.

அக்காவுக்கு அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டாள்.

"நல்லாத்தான்டா இருக்கு. யாரு அந்தப் பொண்ணு?"

"பாட்டு எப்படி இருக்கு அக்கா?"

"அதான் நல்லா இருக்குன்னேனே. யாரு அவ? கல்யாணம் ஆயிடுச்சா?"

"கிளினிக்ல வேலை பாக்கறவங்க. பாட்டைப் பத்திச் சொல்லு."

"வார்த்தை சரியா காதுல விழல. குரல் என்னவோ பண்ணுது. ஏன்டா, அவங்க வீட்ல பேசிப் பாக்கட்டுமா?"

போனை வைத்துவிட்டேன். பிறகு பத்துப் பேரைப் பொறுக்கி, நாலு வரி எழுதி, லிங்கை அனுப்பினேன். இசையமைப்பாளர்கள் நாலு பேர், அவர்களின் உதவியாளர்கள் மூன்று பேர், பாடகர்கள் இரண்டு பேர், ஓர் ஆடியோ கம்பெனி.

கிணற்றில் போட்ட கல். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. வர வேண்டிய வேலையும் இல்லை. மூன்று மணிக்கு அவருக்கென்று வாங்கிய கோப்பையைக் கழுவினேன். அது அழுக்காகவே இல்லை. அதற்கடுத்த ஞாயிறு எதிர் வீட்டு மாடியில் ஒரு குடும்பமே உட்கார்ந்து சீட்டாடுவதை ஐந்து மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். யார் ஜெயித்தார்கள் என்றுகூடச் சொல்வேன். தனியாக இருப்பது எனக்குப் புதிதில்லை, ஆனால் இந்த ஆறு மாதத்தில் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஒரு பதில் வந்தது. ஓர் இசையமைப்பாளரின் உதவியாளர் எழுதியிருந்தார்.

"பாட்டு சுமார். குரல் யாருடையது? கோரஸுக்கு ஆள் எடுக்கிறோம். இருபதாம் தேதிக்குள் அவர் எண்ணை அனுப்பவும்."

லிங்கைத் திறந்து பார்த்தேன். ஏழு பேர் தொடவே இல்லை. ஒருவர் ஒன்பது விநாடி, ஒருவர் பதினாலு. இந்த உதவியாளர் நாற்பத்தொரு விநாடி.

பல்லவி தொடங்குவது நாற்பத்தைந்தாவது விநாடியில். ஐயா, நீங்கள் பாட்டைக் கேட்கவே இல்லையே! கேட்காத பாட்டு எப்படிச் சுமாராகும்? அச்சே எடுக்காமல் பல் சரியில்லை என்று சொல்வதுபோல் இருந்தது. மெழுகுக் கத்தியை மேஜையில் ஓங்கிக் குத்தினேன். கோபம் தணிந்த பிறகுதான் அந்த இரண்டாவது வரி உறைத்தது. குரல் யாருடையது? என் அக்கா கேட்ட அதே கேள்வி. பாட்டை வீசி எறிந்துவிட்டு, பாடியவரை மட்டும் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். முனகலை முன்னால் வைத்தது நான். எடுத்துக்கொள் என்று தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல்தான்.

புதன்கிழமை கிளினிக்கிலிருந்து போன். "கீழ் செட் ஒண்ணு சார், ஷேடு ஏ-த்ரீ." எழுதிக்கொண்டேன். "பதில் ஏதாவது வந்துச்சா?"

"இல்ல மேடம்."

வாய் தானாகச் சொன்னது. நான் யோசிக்கக்கூட இல்லை.

"ஒருத்தர்கூடவா?" என்றார். பிறகு அவருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "காதில்லாதவங்க சார். விட்டுத் தள்ளுங்க. அடுத்த பாட்டை எடுங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

நான் எதற்கு ஏங்கினேனோ அது ஒரு பொய்யில் கிடைத்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி மூன்று மணிக்கு வந்தார். புதுப் பாட்டுக்கு மெட்டுப் போட்டோம். தேநீர் குடித்தோம். எதிர் வீட்டுச் சீட்டாட்டத்தைக் காட்டிக் கதை சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு வைக்கோற்போரைக் காக்கும் நாய் ஞாபகம் வந்தது. தானும் தின்னாது, மாட்டையும் விடாது. அந்த வாரம் முழுக்க அந்தக் கடிதத்தைத் தினமும் திறந்து படித்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாட்கள் ஓடின.

பத்தொன்பதாம் தேதி ஞாயிறு. மைக் முன்னால் உட்கார்ந்தவர் பாட ஆரம்பிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க."

"பதில் வராததுக்கு என் குரல்தானே காரணம்?"

நான் மைக்கின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"நானும் யோசிச்சுப் பாத்தேன். பாட்டுல குறையில்ல. சின்ன வயசுல பாடினதோட சரி, எனக்கு ஒழுங்கா வராது. நீங்க முகத்துக்கு நேரா சொல்ல மாட்டீங்க. வேற யாரையாவது வச்சுப் பாடிப் பாருங்க சார். எனக்கு வருத்தமில்ல. உங்க பாட்டு என்னால வீணாகக் கூடாது."

துணிப்பையை மடியில் வைத்து அதன் காதைத் திருகிக்கொண்டே இதைச் சொன்னார். வருத்தமில்லை என்று சொல்கிறவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்து போய்க் கடிதத்தைத் திரையில் திறந்து, நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டேன்.

நாலு வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் வெகுநேரம் படித்தார். பிறகு மேலே இருந்த தேதியில் விரலை வைத்தார்.

"ஏழாம் தேதி."

"ஆமா."

"பன்னெண்டு நாளா நான் என் தொண்டையைத் திட்டிக்கிட்டிருக்கேன் சார். ராத்திரி தூக்கமில்ல. அண்ணிகிட்ட போய் நான் நல்லா பாடறேனான்னு கேட்டேன், போயும் போயும் அவங்ககிட்ட." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "ஏன் சொல்லல?"

பொய்க்கு இனி இடமில்லை. "சொன்னா நீங்க போயிடுவீங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு வேற யாரும் இல்ல மேடம்."

இந்த வார்த்தைகளை ஐம்பத்தொரு வயதில் முதல்தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அவமானமாக இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதையும் தாண்டி வேறொன்று இருந்தது.

"அதைக் கேட்டிருந்தாலே வந்திருப்பேனே சார். அதுக்குப் பாட்டு எதுக்கு?"

அவர் பையை எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நம்பரை இன்னிக்கே அனுப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். படியிறங்கும் சத்தம் கடைசிப் படி வரை கேட்டது. அன்றே அனுப்பினேன். குரல் இவருடையது, எண் இது என்று எழுதினேன். பாட்டைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

அதன்பின் கிளினிக்கிலிருந்து போன் வந்தால், "லேபுங்களா? மேல் செட் ஒண்ணு, ஷேடு ஏ-டூ" என்பார். சார் என்ற சொல்லே இல்லை. சீட்டைத் தேட வேண்டியிருந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேடுவார். மேஜையின் சத்தம் மட்டும் கேட்கும். நான் "சரிங்க" என்பேன். நான் செய்ததற்கு இதுவே குறைச்சல்.

ஆறாவது வாரம் அவராகவே, ஷேடு சொல்லி முடித்த பிறகும் போனை வைக்காமல் இருந்தார்.

"சார்."

"சொல்லுங்க மேடம்."

"போன ஞாயித்துக்கிழமை ரெக்கார்டிங். உங்களாலதானே கெடைச்சுது, சொல்லணும்னு தோணுச்சு."

"நல்லாப் பாடினீங்களா?" என்றேன். கேட்கும்போதே ஓர் அற்ப ஆசை. ஸ்டூலில் தனியாக உட்கார்ந்து பாடியதுபோல் அது வருமா என்று அவர் சொல்ல வேண்டும். கூட்டத்தில் உங்கள் குரல் காணாமல் போயிருக்குமே என்று நான் ஆறுதல் சொல்லவும் தயாராக இருந்தேன்.

"முப்பது பேர் சார். தோளோட தோள் ஒட்டி நிக்கறோம். ஆரம்பிச்ச உடனே என் குரல் எனக்கே கேக்கல." மூச்சு வாங்கினார். "அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு சார். எப்படிச் சொல்றதுன்னே தெரியல. இத்தனை வருஷம் நான் தனியாவே முனகிட்டு இருந்திருக்கேன்."

"நல்லது மேடம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பதினொரு வருடம் அந்தக் குரலைக் காது குளிரக் கேட்டவன் நான். தனியாக இருக்கிறவர் குரல் அது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் கூப்பிடுவாங்க போலிருக்கு" என்றார். புதன்கிழமைக்குள் பல் வேண்டும் என்று ஞாபகப்படுத்திவிட்டு வைத்தார்.

அந்த ஞாயிறு டெமோவைத் திறந்தேன். முனகலை வெட்டினேன். அவர் குரல் இருந்த டிராக்கை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, பஸ் பாட்டை நானே பாடிப் பதிவு செய்தேன். பாடுகிறவர் தெரியக் கூடாது என்று சொன்னார்கள் அல்லவா, என் குரல் அதற்குப் பொருத்தம்தான். பத்துப் பேருக்கும் மறுபடி அனுப்பலாம் என்று நினைத்தேன். அனுப்பும் முன் ஒரு யோசனை வந்தது. அதே டிராக்கின்மேல் இன்னொரு தடவை பாடினேன். அதன்மேல் இன்னொன்று. என் குரல் எனக்கே கேட்காமல் போவது எத்தனையாவது ஆளில் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

பத்தில் தொண்டை கமறியது. தண்ணீர் குடித்தேன். இருபதில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். முப்பதாவதையும் பாடி முடித்து, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டேன். ஒரு குரல் கொஞ்சம் முந்தியது, ஒன்று பிந்தியது, ஒன்றுக்குச் சளி. ஆனால் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. முப்பதும் நான்தான்.